அரும்பாக்கமும் பெரும்பாக்கமும்

சென்னையில் பேருந்து நடத்துநர் 'எம்எம்டிஏ' என்று குரல் கொடுத்தால் அரும்பாக்கத்துக்காரர்கள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நகர்வார்கள். அந்தப் பெயரில் இன்று அலுவலகம் எதுவும் இல்லை. மெட்ராஸ் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 'சிஎம்டிஏ' ஆகி வெகுகாலம் ஆயிற்று. பழைய சுருக்கப்பெயர் மட்டும் அது உருவாக்கிய காலனியில் தங்கிவிட்டது. காலனியின் உள்தெருக்களில் குறுகிய முகப்பு வைத்த வீடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். கீழே தையல் கடையோ இஸ்திரிக் கடையோ இருக்கும். வெளியிலிருந்தே மாடிக்கு ஏறும் ஒரு படிக்கட்டு. முதல் மாடியில் வீட்டுக்காரரின் மகன் குடும்பம், அதற்கு மேல் வாடகைக் குடித்தனம், மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. இரண்டு தெரு தள்ளினால் காம்பவுண்டுக்குள் கார் நிற்கும் பெரிய வீடுகள். இதில் ஒரு பகுதி ஏழைகளுக்கென்றே போடப்பட்ட அரசுத் திட்டம் என்று சொன்னால் புதிதாக வருகிறவர் நம்பமாட்டார்.

சென்ட்ரலிலிருந்து அரும்பாக்கம் சுமார் 8 கிலோமீட்டர். அதே சென்ட்ரலிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைத் தாண்டி, பெரும்பாக்கம். அங்கே எட்டு அடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மொத்தம் 23,864 வீடுகள். அவை ஏழைகளுக்குக் கட்டியவை என்பதை எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டும் ஒரே நகரம், ஒரே மாநில அரசு ஏற்றுக்கொண்ட வேலைகள். முதலாவதைத் தோல்வி என்று கணக்கெழுதி மூடிவைத்தார்கள். இரண்டாவதைச் சாதனை என்று திறந்துவைத்தார்கள். இந்தத் தீர்ப்பு தலைகீழாகிப்போனதற்குக் காரணம், குடியிருப்பை நாம் எந்த நாளில் நின்று அளக்கிறோம் என்பதுதான். சாவி கொடுக்கும் நாளில் எண்ணினால் வீடுகள் கணக்கில் வரும். அங்கே ஓர் ஊர் உண்டானதா என்பது தெரிய இருபது ஆண்டுகளாவது ஆகும்.

கதை 1970-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மு.கருணாநிதி தலைமையிலான அரசு குடிசை மாற்று வாரியத்தை நிறுவியது. ஒவ்வொரு கோடையிலும் குப்பங்கள் தீப்பற்றி எரிந்த காலம் அது. ஏழு ஆண்டுகளில் நகரத்தில் குடிசையே இருக்காது என்பது இலக்கு. 1971-ல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. அதன்படி மெட்ராஸில் 1,202 இடங்கள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இந்த அறிவிப்பு வெறும் பட்டியல் அன்று. அறிவிக்கப்பட்ட பகுதியில் குழாய், விளக்கு, கழிப்பறை போட வாரியத்துக்குக் கடமை உண்டு. உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் குடியிருப்பவர்களை வெளியேற்றவும் முடியாது.

தொடக்கத்தில் வாரியம் கட்டிய மூன்று, நான்கு மாடி அடுக்குகள் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே எழுந்தன. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் ஓர் எடுத்துக்காட்டு. வீடு சின்னது, பராமரிப்பு மோசம், வாடகை வசூல் அதைவிட மோசம். ஆனால் கடலுக்குப் போகிறவருக்கு வாசலில் கடல் இருந்தது. மீன் விற்கிற பெண்ணுக்கு நடக்கிற தூரத்தில் மயிலாப்பூர் இருந்தது. இதில் கருணை எவ்வளவு, வாக்குவங்கி எவ்வளவு என்ற விவாதம் அன்றே நடந்தது. நகரத் திட்ட வல்லுநர் நித்யா ராமன் 2011-ல் எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் எழுதிய கட்டுரை இந்த அரசியலைத்தான் பிரித்துப் பார்க்கிறது. வாரியம் ஒருபுறமும் உலக வங்கி மறுபுறமுமாக இழுத்த இழுப்பில் சென்னையின் வீட்டுக் கொள்கை எப்படி வளைந்தது என்பது அதன் பொருள். (அவர் இப்போது லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்ற உறுப்பினர். அங்கும் தலைபோகிற பிரச்சினை வீடுதான்.)

உலக வங்கிக்காரர்கள் வாரியத்தின் அடுக்குமாடிகளைப் பார்த்துச் சொன்ன குறையில் நியாயம் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஆகும் செலவில் அரசு எத்தனை குடும்பங்களைத்தான் எட்ட முடியும்? அப்படியானால் வீட்டைக் கட்டித் தராமல், மனையையும் அதற்கான வசதிகளையும் மட்டும் தந்தால் என்ன? 1977-ல் தொடங்கிய மெட்ராஸ் நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின் ஒரு கை இந்த யோசனை. மற்றொரு கை, இருக்கிற குடிசைப் பகுதிகளை இடம் மாற்றாமல் அங்கேயே தெரு, வடிகால், குழாய் போட்டுக் கொடுத்து, மனையையும் குடியிருப்பவர் பெயருக்கே தவணையில் எழுதிக் கொடுப்பது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் முதல் மனைத் திட்டங்கள் வந்தன. அடுத்த கட்டங்களில் முகப்பேர், மதுரவாயல் என்று நீண்டன.

இந்த மனைத் திட்டம் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைக்குப் பயன்படக்கூடிய சூட்சுமம் அதற்குள் இருக்கிறது. முதலில் ஒரு பெரிய நிலத்தை எடுத்துச் சாலை, பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் இடம் குறித்தார்கள். பள்ளிக்கும் கடைகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். மிச்சத்தை மனைகளாகப் பிரித்தபோது எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டவில்லை. மனைகளில் பெரும்பான்மை நலிந்த பிரிவினருக்கான மிகச் சின்ன மனைகள், கால் கிரவுண்டு அல்லது அதற்கும் கீழே. பிறகு குறைந்த வருவாய்க்காரர்களுக்கு, நடுத்தர வர்க்கத்துக்கு, உயர் வருவாய்க்காரர்களுக்கு என்று படிப்படியாகப் பெரிய மனைகள். பெரிய மனைகளும் கடை மனைகளும் சந்தை விலைக்குப் போயின. அந்த லாபத்தில் சின்ன மனைகளின் விலை குறைக்கப்பட்டது. சின்ன மனையில் அரசு கட்டிக் கொடுத்தது கழிப்பறையும் குழாயும். வாங்குகிறவரின் வசதியைப் பொறுத்து, கூடவே ஒரு தளமோ ஓர் அறையோ. மேற்கொண்டு கட்டுவது குடும்பத்தின் பாடு.

சீட்டு எடுத்த பணத்தில் சுவர் எழும்பும். நகை அடகில் கூரை வரும். மூத்தவனுக்கு வேலை கிடைத்த வருடம் ஓலை போய்க் காங்கிரீட் வரும். மகளுக்குக் கல்யாணம் என்றால் இரண்டு வருடம் கொல்லத்துக்காரரின் கரண்டி ஓய்ந்துகிடக்கும். பிறகு மாடி எழும்பி, அதில் வாடகைக்கு ஆள் வந்து, அந்த வாடகையில் அடுத்த மாடி. அரசின் பணத்தோடு குடும்பத்தின் பணமும் மெல்ல மெல்லச் சேர்ந்து கட்டிய வீடுகள் இவை. கூடவே நகரத்துக்குக் கேட்காமலே கிடைத்த லாபம் ஒன்று உண்டு. மாடியில் குடிவந்த வாடகைக்காரர்கள் எந்த அரசுத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலிலும் வராதவர்கள். அவர்களுக்குக் குறைந்த வாடகை வீடுகளை இந்தத் திட்டம் மறைமுகமாக உண்டாக்கிக் கொடுத்தது.

அப்படியானால் தோல்வி என்று ஏன் எழுதினார்கள்? திட்டம் முடிந்து கணக்குப் பார்க்க வந்தவர்கள் கண்டது காலி மனைகளை. பாதி எழும்பிய சுவர், புதர் மண்டிய தெரு, விற்றுவிட்டுப் போன ஒதுக்கீட்டுதாரர்கள். நிலமெடுப்பும் இழுத்துக்கொண்டே போனது. பத்திரிகைப் படத்துக்கு அழகாக எதுவும் இல்லை. 1990-களில் உலக வங்கியே இந்த வழியைக் கைவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து கேட் ஓவன்ஸ், சுமிலா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் சென்னை, மும்பைத் திட்டங்களை மறுபடி போய்ப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். காலியாகக் கிடந்த மனைகள் நிறைந்திருந்தன. பல வருவாய்ப் பிரிவினர் கலந்து வாழும், வசதிகள் உள்ள, உயிரோட்டமான பகுதிகளாக அவை மாறியிருந்தன. தோல்வி என்று நாம் நினைத்தது வெற்றிதானா என்று கேட்கும் தொனியில் கட்டுரைக்கு அவர்கள் தலைப்பே வைத்தார்கள். தான்சானியாவின் ஏழு நகரங்களில் இதே போன்ற பழைய மனைத் திட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் கை மைக்கேல்ஸ் (Guy Michaels) குழுவினரும், முன்கூட்டியே தெருவும் குழாயும் போட்டு மனை பிரித்த இடங்களில் நெடுங்காலத்தில் நல்ல வீடுகள் எழுந்ததைக் காட்டினார்கள். இந்தூரில் பி.வி.தோஷி 1980-களில் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு இதே வம்சம்தான். 6,500 மனைகள் அளவில் திட்டமிட்ட அதற்கு 1995-ல் ஆகா கான் விருது கிடைத்தது. கட்டடக் கலைஞரின் பெயர் சேர்ந்ததால் ஆரண்யாவை உலகம் அறியும். அரும்பாக்கத்துக்கு அப்படி ஒரு விளம்பரம் வாய்க்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1977-ல் அரும்பாக்கமும் ஊருக்கு வெளியேதானே இருந்தது. பெரும்பாக்கமும் ஒருநாள் ஊருக்குள் வந்துவிடாதா? நியாயமான கேள்வி. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை வரப்போகும் மெட்ரோ தடம் பெரும்பாக்கத்தைத் தொடத்தான் போகிறது. ஆனாலும் இரண்டும் ஒன்றாகா. அரும்பாக்கத்துக்குப் பக்கத்தில் அண்ணா நகர் ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தது. பாடி, அம்பத்தூர் தொழிற்சாலைகள் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருந்தன. நடுத்தர வர்க்கமும் அதே லேஅவுட்டில் மனை வாங்கியிருந்தது. பேருந்து வரவில்லை, பள்ளிக்கூடம் சரியில்லை என்றால் மனுக் கொடுக்கவும் அலுவலகத்தில் ஆளைத் தெரிந்துவைக்கவும் தெரிந்த வர்க்கம் அது. அது இழுத்துவந்த வசதி பக்கத்துத் தெருவுக்கும் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரும்பாக்கத்துக்குப் போனவர்கள் விண்ணப்பம் போட்டுப் போனவர்கள். லாரியில் ஏற்றி இறக்கப்பட்டவர்கள் அல்லர்.

லாரிகள் 2000-க்குப் பிறகு வந்தன. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் அந்த ஆண்டில் எழத் தொடங்கியது. பின்னாளில் அங்கு மட்டும் வீடுகளின் எண்ணிக்கை பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியைக்கூட எட்டாதவை. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2005-ல் வந்த மத்திய அரசின் ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் பணத்தில் எழில் நகரும் பெரும்பாக்கமும். நான்கும் தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகள் நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியவை. அங்கே வேலை கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட நியாயம். துப்புரவு, காவல், ஹவுஸ்கீப்பிங் என்று ஓரளவு கிடைக்கவும் செய்தது. மூட்டை தூக்குகிறவருக்கும், பூ கட்டுகிறவருக்கும், பாரிமுனையில் தள்ளுவண்டி வைத்திருந்தவருக்கும் அந்தச் சாலையில் என்ன வேலை?

மறுபுறம் கூவத்தைச் சுத்தப்படுத்தும் திட்டம். ஆற்றங்கரையில் சுமார் பதினான்காயிரம் குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு 'ஆற்றோரம் ஆபத்து' என்ற வாதம் வெளியேற்றத்துக்கு வேகம் கொடுத்தது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகரிலிருந்து இரண்டாயிரம் குடும்பங்கள் வரை பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பள்ளிக்கூட ஆண்டின் நடுவில், தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய் விட்ட இடம் சதுப்புநிலத்தின் ஓரம். 2015-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் செம்மஞ்சேரியில் தண்ணீர் புகுந்தது. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சதுப்பைச் சுற்றி ஏழைகளின் வீடும் எழுந்தது, கண்ணாடி வைத்த அலுவலகங்களும் எழுந்தன. முதலாவதை மட்டும் ஆக்கிரமிப்பு என்று பேசுவது நம் வழக்கம்.

பெரும்பாக்கத்தின் ஒரு நாளைக் கிட்ட நின்று பார்க்கலாம். பழைய குடியிருப்புக்குப் பக்கத்துத் தெருக்களில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சத்தியவாணி முத்து நகர் நாட்களில் ஒரு வீட்டு வேலை முடிந்ததும் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது. இப்போது விடியுமுன் பஸ் ஏற வேண்டும். நெரிசலில் போகவர மூன்று மணி நேரம் பறிபோகிறது. நான்கு வீட்டில் இரண்டு வீடு கைவிட்டுப் போகும். பிள்ளையை யாரிடம் விடுவது? பழைய இடத்தில் எதிர்வீட்டில் அத்தை இருந்தார், பின்தெருவில் அண்ணி. இங்கே குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கியதில் அத்தைக்கு ஒரு பிளாக், அண்ணிக்கு இன்னொரு பிளாக்கில் ஏழாவது மாடி. லிப்ட் நின்றால் ஏழாவது மாடிக் கிழவி கீழே இறங்குவதே இல்லை. பராமரிப்புக்கு மாதம் 750 ரூபாய். முன்பு குடிசை வாசலில் இட்லிச் சட்டி வைத்தவருக்கு ஐந்தாவது மாடியில் யாருக்கு இட்லி விற்பது? கீழே படிக்கட்டை ஒட்டிப் போட்ட பெட்டிக்கடை விதிமீறல் ஆகிறது.

குலுக்கல் நேர்மையானது என்று அதிகாரிகள் சொல்வார்கள். சிபாரிசுக்கு இடமில்லை என்பது உண்மையும்கூட. ஒரே குப்பத்துக்காரர்களை ஒரு பிளாக்குக்கு என்று ஒதுக்கிவிட்டு, அந்த பிளாக்குக்குள் குலுக்கியிருந்தால் நேர்மைக்கும் குறைவில்லை, உறவும் அறுந்திருக்காது. முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் தரைத்தளம் என்பதை முன்வைத்துவிட்டு மிச்சத்தைக் குலுக்கலாம். செலவே இல்லாத திருத்தங்கள் இவை. குழந்தை பார்த்துக்கொள்வது, கைமாற்று, ஆஸ்பத்திரிக்குத் துணை, சாவுக்குத் தோள் எல்லாம் உறவின் வழியாக நடக்கிற மக்களுக்கு அண்டைவீடு என்பது வருமானத்தின் ஒரு பகுதி. அதை இடித்துவிட்டுத் தருகிற ஈடு மாதம் 2,500 ரூபாயாக ஓராண்டுக்கு என்று இருந்தது.

முகவரியும் ஒரு செலவுதான். கண்ணகி நகர் என்று சொன்னதும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களின் புகார் இருபது வருடமாகக் கேட்கிறது. 2020-ல் அங்கே கட்டடங்களின் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் தீட்டினார்கள். நன்றாகத்தான் இருக்கின்றன, சுவருக்குப் பின்னால் இருக்கும் 200 சதுர அடி மாறவில்லை என்றாலும். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். எந்த ஓவியமும் செய்யாததை அந்தப் பதக்கம் கொஞ்சம் செய்தது.

இனி, 'மலிவு' என்ற சொல்லால் இத்திட்டங்கள் விற்கப்படும் கணக்கைப் பார்க்கலாம். நகரத்தின் நடுவில் நிலம் விலையேறிவிட்டது, அதனால் தொலைவில் கட்டுவது மலிவு என்பது வாதம். யாருக்கு மலிவு? நிலத்தில் மிச்சம் பிடித்த பணம் பேருந்தில் போகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இந்த மக்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நிவாரணம். வேறு விதமாகச் சொன்னால், வீட்டுத் துறை தள்ளிவிட்ட தூரத்துக்குப் போக்குவரத்துத் துறை விலை கொடுக்கிறது. ஆண்கள் கொடுக்கும் கட்டணமும், போகிற நேரமும், விட்டுப்போன வேலையும் எந்தத் துறையின் ஏட்டிலும் ஏறுவதில்லை. இருபத்து மூவாயிரம் குடும்பங்களைத் தினமும் ஐம்பது கிலோமீட்டர் அலையவைக்கும் குடியிருப்பைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று எந்த மொழியில் அழைப்பது? கூரையில் சூரியத்தகடு வைத்தால் அந்த டீசல் கணக்கு நேராகிவிடாது.

கட்டும் தொழில்நுட்பத்தின் மீது நமக்கு இருக்கும் மோகத்துக்கும் பெரும்பாக்கமே சாட்சி. அதன் நுக்கம்பாளையம் சாலையில் மத்திய அரசின் கலங்கரை விளக்குத் திட்டத்தின் கீழ் 1,152 வீடுகள் எழுந்தன. தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டியவை. 2022 மே மாதம் பிரதமர் திறந்துவைத்தார். வேகம், தரம் எல்லாம் சரி. ஆனால் பாரிமுனைக்கு எட்டாத தூரத்தை எந்த முன்வார்ப்புப் பலகையும் குறைத்துக் கொடுக்காது. கட்டும் வேகம் நம் குறை அல்லவே.

இந்த இடத்தில் சிங்கப்பூரைக் காட்டிப் பேசுவது நம்மூர் மரபு. அங்கே பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்கங்களில்தானே வாழ்கிறார்கள் என்பார்கள். உண்மை. ஆனால் 1966-ன் நிலமெடுப்புச் சட்டத்தால் நாட்டின் பெரும்பங்கு நிலத்தை அரசு கையில் எடுத்துக்கொண்டது. அடுக்கத்தோடு சந்தை, பள்ளி, ஆலை, பேருந்து முனையம் என்று முழு ஊரையும் சேர்த்துத் திட்டமிட்டது. ஏழைக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று பிரிக்கவும் இல்லை. நாம் அங்கிருந்து உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வாரியம் முழுக்கத் தவறான பாதையில் நடக்கிறது என்று சொன்னால் அநியாயம். சில ஆண்டுகளாக 1970-களின் பழைய அடுக்குகளை இடித்து, அதே இடத்தில், அதே குடும்பங்களுக்கு, முன்பைவிடப் பெரிய வீடுகளாகக் கட்டித் தரும் வேலை நடக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பிளாக் ஒன்று சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அதற்குப் பிறகு இந்த வேலை அவசரமானது. அதே ஆண்டு வாரியம் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனது. மறுகுடியமர்வுக் கொள்கைக்கு ஒரு வரைவும் வந்தது. குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் போடும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டமும் வந்தது. இடம் மாற்றாத மறுகட்டுமானம்தான் சரியான வழி. இடிப்பதற்கும் கட்டி முடிப்பதற்கும் இடைப்பட்ட காலத்துக்குத் தரும் கருணைத்தொகை 8,000-லிருந்து 24,000 ரூபாயாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் கட்டடம் முடிய இரண்டு ஆண்டு ஆனால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் வருகிறது. சென்னைக்குள் ஆயிரம் ரூபாய்க்கு எந்த வீட்டின் கதவு திறக்கும்?

வேரில் இருப்பது சட்டம். 1971-ல் 1,202 பகுதிகளை அறிவித்த பிறகு 1985-ல் இன்னும் 17 பகுதிகளை அறிவித்தார்கள். அதன்பின் சென்னையில் ஒன்றுகூட இல்லை. நாற்பதாண்டில் நகரம் எவ்வளவு பருத்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மக்களில் நான்கில் ஒருவருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் இருந்தனர். அறிவிக்கப்படாத பகுதியில் இருப்பவர் சட்டத்தின் கண்ணுக்கு ஆட்சேபகரமான நிலத்தில் நிற்கும் ஆக்கிரமிப்பாளர் மட்டுமே. அதே 1985-ல்தான் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்பு என்பதும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. மெட்ராஸ் நடைபாதைவாசிகளுக்காக கே.சந்துரு தொடுத்த வழக்கும் அந்த ஆண்டில்தான் தீர்ந்தது. பிழைப்பு உரிமை என்று நீதிமன்றம் பேசிய ஆண்டோடு, பிழைக்கும் இடத்தை அறிவிக்கும் பழக்கத்தை அரசு நிறுத்திக்கொண்டது.

சரி, இன்று அரும்பாக்கத்தைத் திரும்பச் செய்ய முடியுமா? நகரத்தின் நடுவில் முடியாது, அங்கே நிலம் இல்லை. அங்கே செய்யக்கூடியது இருக்கும் இடத்திலேயே மேம்படுத்துவது மட்டும்தான். ஆனால் 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. திருமழிசை, மீஞ்சூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், மாமல்லபுரம் ஆகியவற்றைத் துணைநகரங்களாக வளர்க்கத் திட்டம் எழுதுகிறார்கள். 1977-ல் அரும்பாக்கம் இருந்த நிலையில்தான் இவற்றின் ஓரங்கள் இன்று இருக்கின்றன. இந்த நிலை இன்னும் பத்து ஆண்டு இருக்காது. இப்போதே தெருவையும் வடிகாலையும் வரைந்து, பெரிய மனையோடு கால் கிரவுண்டு மனைகளையும் ஒரே லேஅவுட்டில் போட்டுவிட்டால், சந்தை வந்து சேரும்போது ஏழைக்கும் அங்கே ஓர் இடம் பத்திரத்தோடு இருக்கும். ஏரியும் வாய்க்காலும் போகும் பாதையை முதலில் விட்டுவிட்டுத்தான் மனையைப் பிரிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்கக் கூடாது. பள்ளிக்கரணையைப் பார்த்த பிறகும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலந்து வாழவைக்கும் விதி நம்மிடம் ஏற்கெனவே உண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் குடியிருப்புத் திட்டங்களில் பத்தில் ஒரு பங்கைக் குறைந்த வருவாய்க்காரர்களின் வீடுகளுக்கு விட வேண்டும் என்று இரண்டாவது முழுமைத் திட்டம் சொன்னது. அதே மனையில் இயலாவிட்டால் அதற்கு அருகில். பிறகு உறைவிட நிதிக்குக் கட்டணம் கட்டுகிற ஏற்பாடும் வந்தது. பணம் சேரும், மறுக்கவில்லை. ஆனால் நிதியாகச் சேர்ந்த பணம் நிலம் மலிவான இடத்தைத் தேடித்தான் போகும், அதாவது இன்னொரு பெரும்பாக்கத்துக்கு. கட்டணத்தை ஏற்பதைவிட அந்த அருகாமை நிபந்தனையைப் பிடித்துக்கொள்வது நகரத்துக்கு நல்லது.

மனைத் திட்டத்துக்கும் எல்லை உண்டு. முன்பணம் கட்ட முடியாதவர், சான்றிதழ் இல்லாதவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஓராண்டு வேலைக்கு வந்தவர் எவரும் மனை வாங்கமாட்டார். அரும்பாக்கத்திலும் கூவம் கரைக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு மனை எட்டியிருக்கும்? இவர்களுக்குத் தேவை வாடகை வீடு. அரசின் வீட்டுத் திட்டங்கள் அனைத்தும் சொந்த வீட்டுக் கனவைச் சுற்றியே ஓடுவதால் வாடகை ஓர் அனாதை. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் சிப்காட் பணியாளர் விடுதி திறந்தது. 18,720 பெண்கள் தங்கும் அளவு, ஆலைக்குப் பக்கத்திலேயே. தொழில் நடக்கும் இடத்தில் இருப்பிடம் என்ற பாடத்தை அரசு அங்கே கற்றிருக்கிறது, ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டதால். அந்தப் பெண்கள் கல்யாணம் ஆகி விடுதியை விட்டு வெளியே வரும் நாளில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அவர்கள் சம்பளத்துக்கு எட்டும் ஒரு மாடிவீடு வாடகைக்கு வேண்டும். துணைநகர வரைபடத்தில் கால் கிரவுண்டு மனைகள் இடம்பெறுமா என்பதைப் பொறுத்தது அது. இடம்பெறாவிட்டால், ஒரகடத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்களுக்கு இன்னும் பதினைந்து ஆண்டில் டெண்டர் விடுவார்கள்.